நாலாம் நம்பர் பாட்டில்

பிளவுஸ் துணிக் கட்டுகளுக்கு அடியிலிருந்து போன் அலறியது. கடையே ஒரு கணம் திரும்பிப் பார்த்தது.

தி.நகரில் அந்த மேட்சிங் சென்டரில் வேலை நேரத்தில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது என்பது முதலாளி அண்ணாச்சியின் சட்டம். வெள்ளைச்சாமி தன் போனை ரோஸ் வரிசைக்கும் வெங்காயத்தோல் வரிசைக்கும் நடுவில் புதைத்து வைத்திருந்தார். எதிரே ஓர் அம்மாள் புடவை முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இது மேட்ச் ஆகலையேப்பா" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"வெளிய வெளிச்சத்துல பாருங்கக்கா, அச்சு அசலா அதேதான்" என்று சொல்லிக்கொண்டே வெள்ளைச்சாமி குனிந்து போனைத் தோண்டி எடுத்தார்.

"தாரணியோட அப்பாவா? ஸ்கூல்லேர்ந்து பேசறோம். உடனே கிளம்பி வாங்க. உங்க பொண்ணு செய்முறைத் தேர்வுல பாத்து எழுதிட்டா."

வெள்ளைச்சாமி குரலைத் தாழ்த்தினார். "காப்பி அடிச்சிட்டாளா மேடம்? எம்புள்ள அப்படிச் செய்ய மாட்டாளே..."

"காப்பி அடிச்சிருந்தா நாங்க ஏன் சார் போன் பண்ணப் போறோம்? டெஸ்ட் டியூபைப் பாத்து எழுதிட்டா."

இதில் என்ன குற்றம் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரல் பேசிய தோரணையைப் பார்த்தால் பள்ளிக்கூடமே தீப்பற்றி எரிவது போல இருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியிடம் போய்த் தலையைச் சொறிந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் அண்ணாச்சியின் முகத்தில் கருணை பொங்கியது. "பத்தாங்கிளாஸ்தானடே? போனாப் போகட்டும். புடவை ஃபால்ஸ் கவுண்டர்ல நிக்கதுக்கு ஒரு பிள்ளை குறையுது. நாளைக்கே கூட்டிட்டு வந்துரு."

அண்ணாச்சி அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. பாசத்தோடு சொன்னார். அதனால்தான் வெள்ளைச்சாமி பயந்தார். காலையில் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும் வரை நின்று நின்று அவருடைய கெண்டைக்காலில் நரம்புகள் நீலநிறப் புழுக்களாகச் சுருண்டு கிடந்தன. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரான அண்ணாச்சி உடனே நாற்காலிகளை வாங்கிப் போட்டார். அவற்றின்மீது இன்றுவரை பாலியஸ்டர் கட்டுகள் சுகமாக உட்கார்ந்திருக்கின்றன. தாரணி அந்தக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. வெள்ளைச்சாமிக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பிரார்த்தனை அதுதான்.

லஸ்ஸில் பஸ் இறங்கி, வேர்க்க விறுவிறுக்க அவர் பள்ளிக்கு ஓடினார்.

தலைமையாசிரியை சந்திரிகாவின் அறையில், அவர் தலைக்கு மேலே, 'நூற்றுக்கு நூறு' என்று எழுதிய பெரிய பலகை தொங்கியது. எந்த வருடம், எதில் நூறு என்றெல்லாம் அதில் இல்லை. மூலையில் தாரணி நின்றிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் வெள்ளைச்சாமிக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

"உக்காருங்க" என்றார் சந்திரிகா. வெள்ளைச்சாமிக்குப் பழக்கமில்லாததால் நின்றுகொண்டே கேட்டார்.

"அமிலமா, காரமா கண்டுபிடிக்கணும். அதுதான் கேள்வி. வரிசையா பாட்டில் வச்சிருப்போம். எங்க ஸ்கூல்ல ஒற்றைப்படை பாட்டில் அமிலம், இரட்டைப்படை பாட்டில் காரம். இதை நாங்க ஒரு வாரம் முன்னாடியே பிள்ளைங்களுக்குச் சொல்லி, ஒப்பிக்கவும் வச்சிடறோம். இவ்வளவு பாடுபட்டு எந்த ஸ்கூல்லயாவது சொல்லித் தருவாங்களா?"

"மாட்டாங்க மேடம்."

"உங்க பொண்ணுக்கு நாலாம் நம்பர் பாட்டில். நாலு ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?"

"இரட்டைப்படை மேடம்."

"பாத்தீங்களா, கடையில வேலை பாக்கிற உங்களுக்கே தெரியுது! பினாப்தலீன்னு ஒரு நிறங்காட்டி. காரத்துல ஒரு சொட்டு விட்டா பிங்க் ஆகும். 'காண்பன'ங்கற கட்டத்துல பிங்க்னு எழுதணும், 'அறிவன'ங்கற கட்டத்துல காரம்னு எழுதணும். வகுப்புல மத்த பிள்ளைங்க எல்லாம் சொட்டுக்குப்பியைத் தொடாமலே எழுதிட்டுச் சமர்த்தா வெளியே போயிட்டாங்க. இவ என்ன செஞ்சா தெரியுமா?" சந்திரிகாவின் குரல் தழுதழுத்தது. "பாட்டிலைத் திறந்துட்டா சார்."

திறந்ததோடு நிற்கவில்லை. டெஸ்ட் டியூபில் ஊற்றி, நிறங்காட்டியை விட்டு, குலுக்கி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். காண்பன கட்டத்தில் 'நிறமாற்றம் இல்லை' என்று எழுதினாள். அறிவன கட்டத்தில், 'கொடுக்கப்பட்டது தண்ணீராக இருக்கலாம்' என்று எழுதிவிட்டாள்.

"'இருக்கலாம்'னு வேற! வெளியிலேர்ந்து வந்த தேர்வாளருக்குப் படபடப்பாயி சோடா வாங்கிக் கொடுத்தோம். அவர் வாரியத்துக்கு எழுதிட்டார். 'காண்பனப் பிறழ்வு'. இனி நீங்க நந்தனம் போய் வாரியத்துல இதைச் சீர் பண்ணிட்டு வந்தாத்தான் பொதுத்தேர்வுக்கு ஹால் டிக்கெட். இல்லேன்னா இந்த வருஷம் போச்சு."

வருஷம் போச்சு என்றதும் பாலியஸ்டர் கட்டுகள் வெள்ளைச்சாமியின் கண்முன்னே வந்து நின்றன.

வெளியே வராந்தாவில் அறிவியல் ஆசிரியர் கிச்சா சார் அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய பயந்த பார்வை.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதேள். ஒரு பையன் கையில ஆசிட் கொட்டிண்டுட்டான்னு, ஆசிட் கூடாதுன்னு ஒரு உத்தரவு வந்தது. சரின்னுட்டோம். அப்புறம் காரமும் அரிக்குமாமேன்னு யாருக்கோ தோணித்து, அதுவும் கூடாதுன்னா. பினாப்தலீனைச் சாராயத்துல கரைக்கறான்னு ஆத்துத் திண்ணையில உக்காந்துண்டு ஒருத்தர் மனு எழுதிப் போட்டார், பள்ளிக்கூடத்துல சாராயமான்னு. அதுவும் போச்சு. எல்லாத்தையும் நிறுத்தினவா, பரீட்சையை மட்டும் நிறுத்தலை."

"அப்ப பாட்டில்ல இருக்கறது?"

"தண்ணி."

"சொட்டு விடுற குப்பியில?"

"அதுவும் தண்ணி. தண்ணியில தண்ணியை விட்டா என்ன ஓய் நிறம் வரும்?"

"இத மேடத்துகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லலாமே சார்?"

கிச்சா சார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவாளுக்குத் தெரியாதா? அவா ரூம்ல இருக்கற கேன்லேர்ந்துதானே பிடிச்சு வைக்கறோம்."

வீடு கோடம்பாக்கத்தில். போகிற வழியில், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தாரணி மெதுவாகக் கேட்டாள். "அப்பா, எனக்குத்தான் கண்ணு சரியில்லையோ? வகுப்புல இரட்டைப்படை வந்த எல்லாரும் பிங்க்குன்னு எழுதியிருக்காங்க. நான் ரெண்டு தடவ ஊத்திப் பாத்தேன். எனக்கு மட்டும் வரவே இல்லப்பா."

வெள்ளைச்சாமிக்கு அப்போதே உண்மையைச் சொல்லிவிட வாய் துடித்தது. ஆனால் சொல்லிவிடக் கூடாது என்று கிச்சா சார் கேட்டுக்கொண்டிருந்தார். அதைவிட, பெரிய ஆபீஸின்மீது அவருக்கு நம்பிக்கை இருந்தது. படித்தவர்கள், பாட்டிலைத் திறந்தால் தெரிந்துபோகும். "பெரிய ஆபீஸ்ல கேப்போம் தாயி" என்றார்.

செய்முறைத் தேர்வு ஒழுங்கு வாரியம் நந்தனத்தில் ஒரு பழைய கட்டிடத்தில் இயங்கியது. இயங்கியது என்று பலகையில் போட்டிருந்தது. கீழ்த்தளம் காண்பனப் பிரிவு, மேல்தளம் அறிவனப் பிரிவு. இரண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மேல்தளத்துக்கு லிஃப்டும் ஏசியும் இருந்ததால் அங்கே வேலை விரைவாக நடந்தது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் என்ன அறிந்தார்கள் என்பது முதலில் முடிவாகிவிடும். என்ன கண்டார்கள் என்பதைக் கீழ்த்தளத்தில் பின்னால் அதற்கேற்பத் தயாரித்துக்கொள்வார்கள்.

காத்திருக்கும் அறையில் வேறு சில பிள்ளைகளும் பெற்றோருடன் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் பார்த்து எழுதியவர்கள். ஒருத்தி, மைக்ராஸ்கோப்பில் வெங்காயத்தோலுக்குப் பதில் தன் இமைமுடிதான் தெரிகிறது என்று எழுதியவள். ஊரூர் குப்பத்திலிருந்து வந்த ஒருவன், 'சுறா' என்று சீட்டு ஒட்டிய ஜாடிக்குள் இருந்தது கெளுத்தி என்று எழுதியவன். அவனுடைய அப்பா ஒப்பிட்டுக் காட்டுவதற்காக இரண்டு மீனையும் கூடையில் கொண்டுவந்திருந்தார். மீனுக்கு அனுமதியில்லை என்று கூடையை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

துணை இயக்குநர் பஞ்சாட்சரம், வாரியத்தின் மூளை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் கோப்புகளைப் படிப்பார்.

"சார், பாட்டில்ல தண்ணி இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார் வெள்ளைச்சாமி.

"தண்ணிக்கு இங்க பிரிவு கிடையாது" என்றார் பஞ்சாட்சரம். "அமிலத்துக்கு ஒரு மேசை இருக்கு, காரத்துக்கு ஒரு மேசை இருக்கு. தண்ணின்னா நீங்க வேற டிபார்ட்மெண்ட்தான் போகணும்."

"இல்ல சார், புள்ள உள்ளதத்தான எழுதியிருக்கா?"

பஞ்சாட்சரம் நாற்காலியில் சாய்ந்தார். அவர் இப்படிச் சாய்ந்தால் உரை வரப்போகிறது என்று அர்த்தம்.

"உங்க பொண்ணு பாத்தா. சரி. தப்புன்னு சொல்லலை. நாளைக்கு இன்னொரு பொண்ணு பாக்கும். அப்புறம் மாநிலம் பூரா பிள்ளைங்க ஆளாளுக்குப் பாக்க ஆரம்பிச்சா என்ன ஆகறது? ஒருத்தனுக்கு ஒரு நிறம், இன்னொருத்தனுக்கு வேற நிறம். அதையெல்லாம் யாரு சார் திருத்துவா? திருத்தறவங்க பாட்டிலைத் திறந்து பாக்கணும்பாங்க. பாட்டிலைத் திறந்தா உள்ள ஏதாவது இருக்கணும்பாங்க. அதுக்கு யார் டெண்டர் விடறது? எல்லாக் குழந்தைங்களும் ஒரே மாதிரி பாக்கறதுதான் சமத்துவம். பணக்காரப் பிள்ளைக்கும் பிங்க், ஏழைப் பிள்ளைக்கும் பிங்க். இதைக் கொண்டுவர நாங்க எத்தனை வருஷம் உழைச்சிருக்கோம் தெரியுமா?"

உழைப்பை நினைத்து அவருக்கே நெஞ்சு விம்மியது. தண்ணீர் குடித்துக்கொண்டார்.

பிறகு மனமிரங்கி, தாரணியைக் கண் டாக்டரிடம் அனுப்பினார். கண் கெட்டிருந்தால் வழி உண்டு, சலுகை மதிப்பெண் உண்டு. டாக்டர் கலர் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களைக் காட்டினார். தாரணி எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னாள். "பிரமாதமான கண்ணு!" என்று டாக்டர் அவள் தோளில் தட்டிக்கொடுத்து, அதையே சான்றிதழாகவும் எழுதிக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். "கண்ணு நல்லாத்தான்ப்பா இருக்கு" என்று தானே சொல்லிக்கொண்டாள்.

சான்றிதழைப் பார்த்த பஞ்சாட்சரம் துக்கவீட்டுக்கு வந்தவர் போலத் தலையை ஆட்டினார். "மோசம். ரொம்ப மோசம். கண்ணு தெரியாதவங்களுக்கு ஒரு அரசாணை இருக்கு. நல்லாத் தெரியறவங்களுக்கு ஒண்ணுமே இல்லையே! இனி விசாரணைக் குழுதான்."

குழு கூடிய அன்று வெயில் அண்ணா சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. ஹால் டிக்கெட் பட்டியலை மறுநாள் மூடுகிறார்கள். மேசைக்குப் பின்னால் நடுவில் பஞ்சாட்சரம், வலப்பக்கம் தலைமையாசிரியை சந்திரிகா. இடப்பக்கம் நிபுணர், ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் சித்தார்த்தன். நிறங்காட்டிகளைப் பற்றி நான்கு பாடநூல்கள் எழுதியவர். பரிசோதனைக்கூடத்தின் வாசனை ஒத்துக்கொள்ளாமல் இளமையிலேயே எழுத்துக்கு வந்துவிட்டவர்.

கிச்சா சார் நாலாம் நம்பர் பாட்டிலை, நூல் சுற்றி அரக்கு வைத்து, பச்சைக்குழந்தையை ஏந்துவது போல ஏந்திவந்து மேசைமேல் வைத்தார். வாரியத்துக்கென்று சொந்தமாகப் பினாப்தலீன் உண்டு. பீரோவில் பூட்டி இருக்கிறது. சாவி வைத்திருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். ஆகவே பள்ளியின் சொட்டுக்குப்பியே போதும் என்று தீர்மானித்தார்கள்.

"ரீஏஜென்ட் எல்லாம் ரெண்டாம்பட்சம்" என்றார் சித்தார்த்தன். "சயின்ஸுக்கு ஆட்டிட்யூட்தான் முக்கியம்."

டெஸ்ட் டியூபில் ஊற்றினார்கள். சொட்டு விழுந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். வெள்ளைச்சாமியும் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் சுவரில் தொங்கிய காலண்டரின் தேதிகூட டெஸ்ட் டியூப் வழியே தெளிவாகத் தெரிந்தது.

"பிங்க்" என்றார் சந்திரிகா.

"நல்ல பிங்க்" என்றார் பஞ்சாட்சரம், கண்ணாடியைக் கழற்றிவிட்டு.

சித்தார்த்தன் டியூபை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "நான் ஒரு படி மேலே போறேன். பன்னீர் ரோஸ்."

"இப்ப நீ சொல்லும்மா" என்றார் பஞ்சாட்சரம்.

தாரணி பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பெரியவர்கள் மூன்று பேருக்குத் தெரிகிற ஒன்று தனக்கும் தெரிந்துவிடாதா என்று ஏங்கிப் பார்க்கிறாள் என்பது வெள்ளைச்சாமிக்குப் புரிந்தது. "ஒரு நிறமும் இல்ல சார்" என்றாள் கடைசியில்.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் வெள்ளைச்சாமி.

"பெற்றோர் பேச விதியில்லை."

பேச விதியில்லை. வேறு எதற்கு விதியில்லை என்று பஞ்சாட்சரம் சொல்லவில்லை. வெள்ளைச்சாமி மேசையருகே போனார், நாலாம் நம்பர் பாட்டிலை எடுத்தார், அண்ணாந்து மடமடவென்று குடித்தார். அடி வரை குடித்தார். சந்திரிகா வீல் என்று கத்தினார். கிச்சா சார் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கேன் தண்ணீர். ரப்பர் மூடியின் வாடை லேசாக அடித்தது. வெயிலில் அலைந்து வந்த தொண்டைக்கு இதமாகக்கூட இருந்தது. வெள்ளைச்சாமி வாயைத் துடைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆபீஸில் நெஞ்சை நிமிர்த்தி, பேச வாயைத் திறந்தார்.

"சூப்பர்!" என்று சித்தார்த்தன் முந்திக்கொண்டார். "இதைவிட ஒரு நிரூபணம் வேணுமா? காரத்தைக் குடிச்சும் மனுஷன் நின்னுட்டிருக்கார். எப்படி? வயித்துல அமிலம் இருக்கு. அமிலமும் காரமும் சேர்ந்தா உப்பும் தண்ணியும். நடுநிலையாக்கல்! அவருக்கு ஒண்ணும் ஆகலைங்கறதாலேயே அது காரம்னு தெரியுது. ஏதாவது ஆகியிருந்தாத்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்."

"இல்ல சார், அது வந்து..." என்றார் வெள்ளைச்சாமி.

"நீங்க பேசக் கூடாது" என்று பஞ்சாட்சரம் கையை உயர்த்தினார். "சான்றுப்பொருள் இப்ப உங்களுக்குள்ள இருக்கு. அந்த வகையில நீங்களும் சான்றுப்பொருள். சான்றுப்பொருள் தானா பேசினா விசாரணை செல்லாது. அப்படிச் செல்லாமப் போனா உங்க பொண்ணுக்கு ஹால் டிக்கெட்டும் கிடையாது. பேசறீங்களா?"

வெள்ளைச்சாமி வாயை மூடிக்கொண்டார். தாரணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சான்றுப்பொருள் தீர்ந்துபோனதால், சான்றுப்பொருளை மறுபடி உண்டாக்க வேண்டும் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. இந்த நேரத்தில்தான் ஆபீஸ் உதவியாளர் வேலம்மா குழுவினருக்கு ரோஸ்மில்க் கொண்டுவந்தார். வெயில் காலத்தில் வாரியத்தின் கூட்டங்களுக்கு அவர் கையாலேயே கலக்கிக் கொடுப்பது வழக்கம். காலி பாட்டிலை அவரிடம் கொடுத்து, நிரப்பித் தரச் சொன்னார்கள். வேலம்மா எல்லார் கண்ணெதிரிலும் மூலையில் இருந்த கேனைச் சாய்த்து நிரப்பினார்.

"இன்னா நைனா," என்றார் பஞ்சாட்சரத்தைப் பார்த்து. "இந்தக் கலர் வரலன்னுதான் காலைலேந்து மல்லுக்கட்டிக்கினு கீறீங்களா? எசென்ஸ் பாட்டில்ல அடில கொஞ்சம் கீது. ஒரு சொட்டு வுடட்டா? கொயந்த மொகம் வாடிக்கினு கீதே, பாக்க முடில."

மூவரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள். அந்த ஆபீஸில் மின்விசிறியைப் பார்ப்பதற்கு ஒப்புதல் என்று பொருள்.

பாட்டிலிலிருந்து டெஸ்ட் டியூபில் ஊற்றியதும் வேலம்மா அதில் எசென்ஸ் ஒரு சொட்டு விட்டார். பினாப்தலீன் குப்பியிலிருந்து குழு ஒரு சொட்டு விட்டது. டெஸ்ட் டியூபுக்குள் பிங்க் பூத்தது. எந்தப் பாடநூலிலும் அச்சாகாத அப்பழுக்கற்ற பிங்க். சந்திரிகா கைதட்டினார். சித்தார்த்தன் எழுந்து நின்றுவிட்டார். "நாலு புஸ்தகம் எழுதியிருக்கேன். இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார், ரோஸ்மில்க் வாசனை வருது" என்றாள் தாரணி.

"வாசனை பாடத்திட்டத்துல இல்லை" என்றார் பஞ்சாட்சரம். "காண்பனன்னு கட்டம் இருக்கு. முகர்வனன்னு ஒரு கட்டத்தை நீ எங்கேயாவது பாத்திருக்கியா? கண்ணால பாரு. என்ன நிறம்?"

"பிங்க். ஆனா..."

"ஆனாவுக்கும் கட்டம் இல்லை. பிங்க்னா என்ன?"

தாரணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பஞ்சாட்சரம் மேசை இழுப்பறையைத் திறந்து ஹால் டிக்கெட்டை எடுத்தார். தாரணியின் போட்டோ ஒட்டிய அந்தத் தாளை அவளுக்கு எட்டாத தூரத்தில் வைத்தார். பிறகு அவளைப் பார்க்கவில்லை. வெள்ளைச்சாமியைப் பார்த்தார்.

வெள்ளைச்சாமி ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார்.

"எழுது தாயி" என்றார்.

அவள் எழுதினாள். காண்பன கட்டத்தில் பிங்க். அறிவன கட்டத்தில் காரம். எப்போதும் முத்து முத்தாக இருக்கும் அவள் கையெழுத்து அன்றைக்கும் முத்து முத்தாகத்தான் இருந்தது.

பஞ்சாட்சரம் எழுந்து அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். "பாத்தியா, யாருமே தோத்துப்போகலை. உனக்கு முழு மதிப்பெண். மேடத்துக்கு நூற்றுக்கு நூறு. புரொபசருக்கு ஆனந்தக் கண்ணீர். எனக்கு ஒரு கோப்பு குறைஞ்சது. இதுக்குப் பேருதான் கல்வி. இனிமே என்னிக்காவது பாக்கணும்னு தோணினா, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கோ. சரியாப் போயிடும்."

அடுத்த கோப்பை எடுத்தார்கள். ஊரூர் குப்பத்துப் பையனை உள்ளே கூப்பிட்டார்கள். ஜாடியில் இருந்தது சுறாதான் என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை போலிருக்கிறது. வெள்ளைச்சாமியும் தாரணியும் படியிறங்குவதற்குள் உள்ளே கைதட்டல் கேட்டது. கிச்சா சார் அவர்களுக்கு முன்னாலேயே, யாரையும் பார்க்காமல், விறுவிறுவென்று வெளியேறியிருந்தார்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. தாரணி ஹால் டிக்கெட்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பஸ் வந்து போயிற்று. அவள் ஏறவில்லை.

"அப்பா."

"சொல்லு தாயி."

"உள்ள உங்கள வாயத் திறக்க விடல. எனக்கு அந்த மேடம் சொன்னதும் வேணாம், அந்த சார் சொன்னதும் வேணாம். நீங்க குடிச்சீங்கல்ல? நீங்க சொன்னா நான் நம்புறேன். அந்த முதல் பாட்டில்ல என்னப்பா இருந்துச்சு?"

வெள்ளைச்சாமி மகளைப் பார்த்தார். டாக்டர் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்த கண்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. தண்ணீர் என்று ஒரு சொல் போதும். அந்த முகம் மலர்ந்துவிடும். மலர்ந்த முகத்தோடு அடுத்த வாரம் பொதுத்தேர்வு எழுதப் போவாள். பதினொன்றாம் வகுப்பிலும் செய்முறைத் தேர்வு இருக்கிறது, பன்னிரண்டிலும் இருக்கிறது, காலேஜிலும் இருக்கிறது. எல்லா இடத்திலும் வரிசையாகப் பாட்டில்கள் இருக்கும். இவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரு வேலம்மா வரமாட்டார்.

மூன்றாவது பஸ் வந்து நின்றது. வெள்ளைச்சாமி அவள் கண்ணைப் பார்க்காமல், பஸ்ஸின் போர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"காரந்தான் தாயி. தொண்டை இன்னும் எரியுது."